லேவி மாமா கொடுக்காத பொடி

கன்றுகள் ஒரேயடியாகச் சாகவில்லை. முதலில் நுனி மஞ்சளானது. பிறகு இலைகள் விளிம்பிலிருந்து காய்ந்தன. மழைக்காலம் முடிந்தபோது சரிவு முழுக்கக் குச்சிகள் நின்றன.

ஒவ்வொரு குச்சியின் அடியிலும் ஒரு கல் இருந்தது. நட்ட அன்று ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கன்றுக்கு அடையாளமாக வைத்த கல். நிக்கலுக்காக மலையை உரித்துவிட்டுச் சுரங்கக்காரர்கள் கைவிட்டுப்போன இடம் அது. மழைக்கு மழை அங்கிருந்து சிவப்புச் சேறு இறங்கிக் கிழங்குத் தோட்டங்களை மூடியது. மரம் பிடித்தால் மண் நிற்கும் என்று சொன்னார்கள். அதனால் பாதிரியார் முதல் பால்குடிப் பிள்ளை வரை ஊரே வந்து கயாக் மரக்கன்று நட்டது.

நாற்றுப்பண்ணை ஏனோக்கின் பொறுப்பு. அவன் தன் வீட்டுக் கல்லின் பக்கம் பார்க்காமல் நின்றான்.

தலைநகர் நூமேயாவின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்த அன்யெஸ் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியைத் தோண்டி எடுத்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரை வேரின் மேல் ஊற்றினாள். மண் போனதும் வேர் கறுப்பாக, வெறுமையாக இருந்தது.

"உறையே இல்ல. பண்ணையில இருந்தப்போ பூஞ்சை வேரைச் சுத்திச் சட்டை மாட்டின மாதிரி இருந்துச்சு. நானே பார்த்தேன். இங்க வந்ததும் பூஞ்சை முதல்ல செத்திருக்கு. அப்புறம் நிக்கல் நேரா வேருக்குள்ள போயிடுச்சு."

ஏனோக் அவள் கையிலிருந்து காலிக் குப்பியை வாங்கிக்கொண்டான்.

"நீங்க ஊத்தின பூஞ்சைப் பொடி உங்க மாமா மலையிலேர்ந்து எடுத்ததுதானே?"

"ஆமா."

பலமுறை சொல்லிப் பழகிய சொல். தடங்கலில்லாமல் வந்தது.

"அதான் எனக்குப் புரியல. அந்த மலை மண்ணு பிறவியிலேயே நிக்கல் மண்ணு. அதுலயே பிறந்து அதுலயே வளர்ற பூஞ்சை. அதால தாங்க முடியலன்னா எதால முடியும்?" அவள் வேரை ஒரு பையில் போட்டாள். "நான் நினைச்சதே தப்பு போல. அந்த மலையை விட்டுட வேண்டியதுதான்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஏனோக்குக்குத் தோன்றியது.

பொடி மாமா மலையிலிருந்து வரவில்லை. ஆற்று முகத்துவாரத்தில், கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் கயாக் மரங்களின் அடியிலிருந்து வந்தது. அங்கே மண் கறுப்பு. வெள்ளம் கொண்டுவந்து போட்ட வளமான மண். மழைக்குப் பிறகு உருண்டைக் காளான்கள் மண்ணைப் பிளந்துகொண்டு எழும். முற்றினால் தோல் வெடித்து உள்ளே கொக்கோ நிறத்தில் பொடி இருக்கும். மாமா மலையிலும் இதே காளான்தான். அதே உருண்டை, அதே பொடி, அதே வாடை. காளான் காளான்தானே என்று ஏனோக் தனக்குச் சொல்லிக்கொண்டான். நம்பவும் செய்தான். நம்புவது, மலை ஏறுவதைவிடச் சுலபமாக இருந்தது.

பை நிறையக் கொண்டுவந்து தண்ணீரில் கரைத்து நாற்றுப்பைகளில் ஊற்றினான். கன்றுகள் தளதளவென்று வந்தன. அன்யெஸ் கை தட்டினாள். "உங்க மாமாவுக்கு நன்றி சொல்லுங்க," என்றாள். சொல்வதாகச் சொன்னான்.

நவோமி மட்டும் அன்றைக்கே கேட்டாள். அவன் மனைவி அவள். கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், "என்னய்யா, மாமா வீட்டுக்குப் போன செருப்புல கறுப்பு மண்ணு ஒட்டியிருக்கு?" என்றாள்.

லேவி மாமாவின் மலையில் கால் வைத்தவர்கள் சிவப்புக் காலோடுதான் திரும்புவார்கள். துணி துவைக்கிற எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும்.

"வழியில கழுவிட்டேன்."

"கழுவிட்டு சேத்துல இறங்குனியாக்கும்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

லேவியின் மலை கணவாய்க்கு அந்தப் பக்கம். அங்கிருந்து ஒரு கல்லை எடுக்கவும் முறை உண்டு. லேவியின் முன்னால் ஒரு துணியை வைக்க வேண்டும். என்ன வேண்டும், எதற்காக என்று வாயால் சொல்ல வேண்டும். யார் வைத்தாலும் லேவி மறுத்ததில்லை. நேற்று நூமேயாவிலிருந்து வந்தவன்கூட வைக்கலாம். ஏனோக்கால் முடியாது.

அவன் பிறந்தபோது காதில் ஊதி மூச்சைத் தந்தவர் லேவி. தாய்மாமன். அம்மாவை இந்த ஊருக்குக் கொடுத்தவர்கள் லேவியின் ஆட்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ஆனால் அவள் இறந்தால் மூத்த மகன் முதலில் அவர் வாசலுக்குப் போக வேண்டும். துணியை வைத்து, நீங்கள் கொடுத்ததை எங்களால் காப்பாற்ற முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே மற்றதெல்லாம்.

அம்மா அடைமழையில் இறந்தாள். கணவாய்ப் பாதையில் மண் சரிந்திருந்தது. ஏனோக் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மாமா, அம்மா போயிட்டாங்க."

மறுமுனையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு லேவி, "யாரு வந்திருக்கீங்க? வாசல்ல யாரும் இல்லையே," என்றார்.

"யாரும் வரல மாமா. பாதையில சேறு."

"சரி," என்று வைத்துவிட்டார்.

ஊரில் கேட்டார்கள். மாமனுக்குச் சொல்லியாச்சா? சொல்லியாச்சு என்றான். அது பொய்யும் இல்லை.

அடக்கத்தன்று லேவி தன் ஆட்களுடன் வந்தார். அதே சேற்றில் நடந்து வந்திருந்தார்கள். எல்லாருக்கும் முழங்கால் வரை சிவப்பு. ஊர் வாசலில் நிற்கும் நெட்டை ஊசிமரங்களுக்கு வெளியே நின்றார்கள். முறையாகச் சொல்லப்படாதவர்கள் தாமாக உள்ளே வர முடியாது. யாராவது போய் அழைக்க வேண்டும். அந்த யாராவது ஏனோக்தான். கொட்டகையில் நாற்காலி தூக்கிக்கொண்டிருந்த அவன் அவர்களைப் பார்த்தான். போனால் எல்லார் கண்ணும் மாமாவின் காலுக்குப் போகும். இவர் வந்த பாதையில் நீ ஏன் போகவில்லை என்று அந்தக் கால் கேட்கும். நாற்காலியைக் கீழே வைத்தான். இன்னொன்றை எடுத்தான். அதையும் வைத்தான். பெட்டி குழிக்குள் இறங்கிய பிறகு திரும்பிப் பார்த்தபோது ஊசிமரங்களுக்கு வெளியே யாரும் இல்லை.

பாதை சரியானதும் போய்விடலாம் என்றிருந்தான். பாதை சரியானது. அடுத்த வாரம் என்றான். அப்புறம் புது வள்ளிக்கிழங்கு எடுக்கும்போது என்றான். தள்ளத் தள்ள, போவதற்கான துணி பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் அவ்வளவு பெரிய துணி எந்தக் கடையிலும் இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஊர் கூடியது. கன்றுகளைப் பற்றிப் பேசத்தான்.

"என் கன்னை மான் வந்து மோந்து பார்த்துச்சு. தின்னல. மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிடுச்சு. மான் தின்னாத மரத்தை நான் இப்பத்தான் பார்க்கறேன்," என்றான் ஒபேத். ஊரிலேயே பெரிய கிழங்குத் தோட்டம் அவனுடையது. பாதி சேற்றுக்கடியில் கிடந்தது.

சிரித்தார்கள். ஒபேத் சிரிக்கவில்லை.

"சிரிங்க. நான் ஒண்ணு சொல்றேன். லேவி வாயால கொடுத்திருக்காரு. வயித்தால கொடுக்கல. வயித்துல கல்லை வெச்சுக்கிட்டுக் கொடுத்த பொடி எப்படி மரத்தை வாழ வைக்கும்?"

"அட விடுப்பா, மழை ஜாஸ்தி."

"மழையா? அக்கா சாவுக்கு வந்த மனுஷன் வாசலோட திரும்பிப் போனாரே, அதுவும் மழையா? அன்னைக்கே நான் நினைச்சேன். கூடப்பிறந்தவ முகத்தைப் பார்க்காமப் போறான்னா அது என்ன மனசு?"

சிலர் தலையாட்டினார்கள். ஏனோக் தரையைப் பார்த்தான். தரையில் எறும்புகள் ஒரு ரொட்டித் துணுக்கை இழுத்துக்கொண்டு போயின. இப்போது எழுந்து சொன்னால் போதும். வாயைத் திறந்தான். பெண்கள் வரிசையிலிருந்து நவோமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர்த் தலைவர் கையை உயர்த்தினார். "இல்லாத ஆளைப் பத்திப் பேசறது நமக்கு அழகில்ல. துணியோட ரெண்டு பேர் போங்க. வரச் சொல்லிக் கேட்போம்."

வீட்டுக்கு நடக்கும்போது நவோமி சொன்னாள். "வாய்க்குள்ள ஈ போயிடுச்சோன்னு நினைச்சேன். திறந்தே இருந்துச்சு, சத்தம் வரல."

"நவோமி."

"நான் ஒண்ணும் சொல்லல. என் கன்னு செத்தா வேற கன்னு நட்டுக்குவேன். அந்த மனுஷன் பேரு செத்தா எதை நடுவே?"

அடுத்த ஞாயிறு லேவி வந்தார். இந்த முறை ஊர்த் தலைவரே ஊசிமரங்கள் வரை போய் அழைத்து வந்தார். லேவி மெலிந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. அந்த நரை எப்போது வந்தது என்று ஏனோக்குக்குத் தெரியாது.

தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார். "பெரியவரே, உங்க மலைப் பொடியைப் போட்டு வளர்த்த கன்னெல்லாம் பட்டுப்போச்சு. எங்க மேல உங்களுக்கு ஏதாவது மனத்தாங்கலா? இருந்தா இங்கேயே சொல்லிடுங்க."

லேவி நிமிர்ந்தார். கூட்டத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தார். ஏனோக்கின் மேல் கண் வந்தது. நின்றது. கடந்தது.

'சொல்லிவிடுவார்' என்று ஏனோக் நினைத்தான். சொல்லிவிடட்டும் என்று நினைத்தான்.

"மருமகன் வந்தான்," என்றார் லேவி. "துணி வெச்சான். பேசினான். நல்லாத்தான் பேசினான், அவங்க அம்மா மாதிரி. நான் கொடுத்தேன்."

தொப்பியை மடியில் திருப்பிப் போட்டார்.

"கொடுக்கறப்போ என் வயித்துல ஏதாவது கிடந்திருக்கும். வயசாச்சில்ல, உள்ள என்ன கிடக்குதுன்னு எல்லாம் தெரியறதில்ல. அது பொடியோட சேர்ந்து வந்திருக்கும். உங்க கன்னு செத்ததுக்கு என்னை மன்னிச்சுக்கணும்."

பையிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பாயின் மேல் வைத்தார். நீலத்தில் வெள்ளைப் பூ போட்டது. புதுசு. மடிப்புக் கலையாதது.

"என் அக்கா மகன் எடுக்கட்டும்," என்றார்.

ஏனோக் எழுந்தான். பாய் வரைக்கும் உள்ள தூரத்தை எப்படிக் கடந்தான் என்று பிறகு நினைவில்லை. குனிந்து துணியை எடுத்தான். எடுத்தவன் நன்றிச் சொல் சொல்ல வேண்டும். சொன்னான். என்ன சொன்னான் என்று அவனுக்கே கேட்கவில்லை. ஒபேத் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் லேவியின் கையைப் பிடித்தான். "நான்தான் உங்களைத் தப்பாப் பேசிட்டேன், பெரியவரே." "பரவாயில்லப்பா," என்றார் லேவி.

சாப்பாடு வந்தது. வாழையிலைப் பொதியைப் பிரித்ததும் தேங்காய்ப்பாலில் வெந்த கிழங்கும் கோழியும் ஆவி விட்டன. லேவி நன்றாகச் சாப்பிட்டார்.

"நவோமி, கிழங்கு அருமை. எங்க ஊர் விதையா?"

"உங்க அக்கா கொண்டுவந்த விதைதான் மாமா."

"அதானே. கேட்டு வாங்கின விதைன்னா ருசியே தனி."

எல்லாரும் சிரித்தார்கள். ஏனோக்கும் சிரிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் அவன் பெட்டியைத் திறந்து துணி தேடினான். மேலே அந்த நீலத் துணி இருந்தது.

"அதையே எடுத்துட்டுப் போகப் போறியா?" என்றாள் நவோமி. "அவர் துணியை அவருக்கே கொடுக்கலாம். கடைக்குப் போற வேலை மிச்சம்."

அவன் பெட்டியை மூடினான். அவள் தன் தலையணைக்கடியிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்து அவன் மேல் எறிந்தாள். எப்போது வாங்கி வைத்தாள் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. பழைய மடிப்பு. ஓரம் லேசாக வெளுத்திருந்தது.

கணவாய் ஏறி இறங்கியதும் மண் மாறியது. சிவப்பு. இங்கே யாரும் மலையை உரிக்கவில்லை. ஆனால் அந்தப் பாழ்ச் சரிவின் மண்ணும் இதுவும் ஒரே மண். முறுக்கிக்கொண்டு குட்டையாகக் கயாக் மரங்கள் நின்றன. அவற்றின் அடியில் கல்லைப் பிளந்துகொண்டு உருண்டைகள் வந்திருந்தன. சில வெடித்துப் பொடி காற்றில் கிளம்பியது. பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. மைதானத்தில் அவன் எடுத்த அதே பொடிதான். இது இங்கேயே பிறந்து இங்கேயே இருந்தது, அவ்வளவுதான்.

லேவி வாசலில் உட்கார்ந்து கத்திக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். ஏனோக் அந்த வாசலின் இரண்டு ஊசிமரங்களுக்கு வெளியே நின்றான்.

லேவி நிமிரவில்லை. "கூப்பிட்டாத்தான் வருவியா?"

"ஆமா மாமா."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

அரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் முடிந்து மறு பக்கம் திருப்பினார். வெயில் ஏறியது. ஏனோக் கையில் துணியோடு நின்றான். உள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கத்தியின் கூரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக் கீழே வைத்த பிறகுதான் லேவி சொன்னார்.

"வா."

ஏனோக் வந்து துணியை அவர் முன் மண்ணில் வைத்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த சொற்களில் ஒன்றும் வரவில்லை.

"எதுக்கு இது?"

அவன் துணியின் மடிப்பைச் சரிசெய்தான்.

"எதுக்குன்னு கேட்டேன். நீ கொண்டுவந்தது ஒரு துணி. பேச வேண்டியது ரெண்டு இருக்கு. எதுக்கு இது?"

பண்ணையில் புது நாற்றுகள் தயாராக இருந்தன. வேறு மலையைத் தேடி அன்யெஸ் தெற்கே கிளம்பப் போகிறாள். அடுத்த மழைக்கு முன் நட்டாக வேண்டும். ஏனோக்குக்கு இதெல்லாம் தெரியும்.

"அம்மாவுக்கு," என்றான்.

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மா போயிட்டாங்க மாமா. நீங்க கொடுத்ததை எங்களால காப்பாத்த முடியல."

லேவி குனிந்து துணியை எடுத்தார். முழங்காலில் வைத்துக்கொண்டார். அதன் மேல் கையை வைத்தார்.

"எப்போ?" என்றார்.

ஏனோக் நிமிர்ந்து பார்த்தான். அவர் கேலி செய்யவில்லை. இப்போதுதான் கேள்விப்படுகிறவர் முகம் அது.

அவன் சொன்னான். மழையை, விடிகாலையில் அவள் தண்ணீர் கேட்டதை, யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை, கடைசியில் தம்பி வந்துட்டானா என்று இரண்டு முறை கேட்டதை. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. நவோமியிடம்கூட. லேவி துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதார். உள்ளிருந்த பெண்ணும் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏனோக்கால் அழ முடியவில்லை. அழுவதற்குத் தனக்கு அனுமதி இல்லாத மாதிரி நின்றான்.

அழுகை அடங்கியதும் லேவி மூக்கைச் சிந்தினார்.

"மாமா, அன்னைக்கு ஊர்ல ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? என் அக்கா மகன் பொய்யன்னு என் வாயால சொல்லவா? உனக்குத்தான் வாய் இருக்கே."

ஏனோக் தலை குனிந்தான்.

"பொடி," என்று ஆரம்பித்தான்.

"அதுக்கு என்ன கொண்டுவந்திருக்க?"

"ஒண்ணும் கொண்டுவரல."

"அப்ப ஒண்ணும் கொண்டுபோகாத." லேவி கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பொடி வேணும்னா ஊரைக் கூட்டிக்கிட்டு வா. உங்க தலைவரை, அந்த வெள்ளைக்காரப் பொண்ணை, அழுதானே, அந்த ஒபேத்தை. எல்லார் முன்னாலயும் துணி வெச்சுக் கேளு. முதல் தடவையாக் கேளு."

"சரி மாமா."

"நல்லாப் பேசு. நான் ஏற்கெனவே உன்னைப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன்."

சிரிக்கிறாரா என்று பார்க்க ஏனோக் நிமிர்வதற்குள் அவர் தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

இறங்கும்போது உருண்டைகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தான். மாமா நிலம் ஓடையில் முடிகிறது. ஓடைக்கரையில் நின்று காலைப் பார்த்தான். எவ்வளவு பார்த்து நடந்தும் சிவப்பு மண்ணின் மேல் கொக்கோ நிறத்தில் கொஞ்சம் பொடி படிந்திருந்தது. செருப்பைக் கழற்றினான். ஒன்றோடு ஒன்றை அடித்தான். பொடி மாமாவின் கரையிலேயே விழுந்தது. இன்னும் அடித்தான். ஒன்றும் விழாமல் போகும் வரை அடித்தான். பிறகு காலையும் மாமாவின் கரையிலேயே கழுவிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டினான்.

கணவாயிலிருந்து இறங்கினால் ஊரின் முதல் வீடு ஒபேத்துடையது. ஒபேத் தோட்டத்தில் சேற்றை வாரி ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது, செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு வர்ற? மாமா வீட்டுல விருந்து பலமா?"

ஏனோக் வேலிக்கு வெளியே நின்றான்.

"உள்ள வரலாமா அண்ணே?" என்றான்.

"இதென்ன புதுசா கேள்வி?"

"பொடியைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று அவன் நின்ற இடத்திலேயே நின்றான். ஒபேத் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வேலியை நோக்கி வந்தான்.